சர்வேயர் தாண்டிய கோடு

அம்மா தலையை இடமும் வலமுமாக அசைத்தபோதே அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் சின்னவள் நம்பியிருந்தாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? ஸ்டேஷன் அம்மா ஒருதரம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்டேஷன் அம்மா. ரயில் நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று ஒரு தலைமுறைக்கே சொன்ன குரல் அவளுடையது. தொண்டையில் வந்த கட்டியை எடுக்கப்போன டாக்டர்கள் குரல்வளையையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது கழுத்தில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைத்து எப்போதும் ஒரு பருத்தித் துணி.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில், டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியராக இருக்கும் சின்னவள், அம்மாவை மைக் முன்னால் உட்காரவைத்துப் பேசப் பேசப் பதிவு செய்தாள். அதிலிருந்து பிறந்ததுதான் அம்மாவின் டேப்லெட்டுக்குள் இருக்கும் குரல். அம்மா விரலால் எழுத்தைத் தட்டுவாள். டேப் அம்மாவாகப் பேசும்.

மூலப் பதிவுகள் ஒரு டிஜிட்டல் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தன. சாவி மூன்று. அம்மா, பெரியவன், சின்னவள் என்று ஆளுக்கொரு சாவி, அவரவர் போனில், அவரவர் ரகசிய எண்ணோடு. இரண்டு பேர் சம்மதித்தால்தான் பதிவுகள் வெளியே போகும். சம்மதித்த பிறகும் பெட்டகம் ஒரு நாள் பொறுக்கும். அந்த ஒரு நாளுக்குள் மூன்று பேரில் யார் தடுத்தாலும் நின்றுவிடும்.

விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெரியவன் போன வாரம்தான் அந்தப் பேச்சைக் கொண்டுவந்தான். ஒரு கம்பெனிக்கு அம்மாவின் குரல் வேண்டுமாம். ஊரெல்லாம் ஒலிக்குமாம். அம்மா தலையசைத்து மறுத்தாள். அவனும் சரியென்று எழுந்து போனான்.

அவ்வளவு லேசாக எழுந்து போயிருக்கக் கூடாது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

*

ஸ்டுடியோவில் ஒரு நடிகை ஒரே அழுகையைத் திரும்பத் திரும்ப அழுதுகொண்டிருந்தாள்.

"மூக்கு உறிஞ்சறது முன்னாடி வருது. வசனத்துக்கு அப்புறம் உறிஞ்சுங்க," என்றாள் சின்னவள், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.

அப்போதுதான் மேஜைமேல் போன் ஒளிர்ந்தது. நேற்று வேலை மும்முரத்தில் பார்க்காமல் விட்ட செய்தி, நினைவூட்டலாக.

'இரண்டு ஒப்புதல்கள் பெறப்பட்டன. பெட்டகம் இன்று மாலை ஆறு மணிக்குத் திறக்கும்.'

முதல் ஒப்புதல் பெரியவன். அது ஆச்சரியமில்லை. இரண்டாவது ஒப்புதல் அம்மா.

சின்னவள் அதைத் திரும்பப் படித்தாள். கீழே சிவப்பாகத் 'தடு' என்ற பொத்தான். விரல் அதன்மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. அம்மாவின் குரல் அம்மாவுடையது. அவளே சரியென்று சொல்லிவிட்டால் குறுக்கே விழ நான் யார்?

ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகை கேட்டாள், "இப்ப சரியா வந்துச்சா?"

"வந்துச்சு," என்றாள் சின்னவள். உண்மையில் அவள் கேட்கவே இல்லை. "மிச்சத்தை மத்தியானத்துக்கு மேல வச்சுக்கலாம். வீட்டுல கொஞ்சம் வேலை."

*

அம்மா சமையலறையில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஊதிக் குடிக்க முடியாதவர்களுக்கு இரண்டு டம்ளர்தான் கதி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றுவதில் ஒரு மாதத்திலேயே கைதேர்ந்திருந்தாள்.

"ஏன்மா, சம்மதம்னா சம்மதம்னு என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அம்மா திரும்பிப் பார்த்தாள். புருவம் மட்டும் உயர்ந்தது.

"நடிக்காத. பெரியவன் கேட்டா குடுப்பே, நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னு என்கிட்ட மறைப்பே. அதானே?"

அம்மா டம்ளரை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டேப்பை இழுத்தாள். தட்டினாள்.

"என்ன சம்மதம்?"

டேப்பில் வந்த குரலுக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் கோபம் தெரியாது, சந்தேகமும் தெரியாது. எதைத் தட்டினாலும் பயணிகளின் அன்பான கவனத்துக்கு என்கிற அதே தொனிதான். ஆனால் அம்மாவின் முகத்தில் இரண்டும் இருந்தன.

"உன் போனை எடு."

இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். ஒப்புதல் தரப்பட்டது நேற்று மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அம்மா எங்கே இருந்தாள்? உள்ளறையில், கட்டில் விளிம்பில், தலையை அண்ணாந்துகொண்டு. பெரியவனின் மனைவி, மருமகள், தினமும் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாகக் கையைக் கழுவிக்கொண்டு அம்மாவின் கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்வாள். அந்த நேரத்தில் அம்மாவின் போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கும்.

நேற்று கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் இப்போதும் கூடத்தில்தான் இருந்தார். பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். ரொம்ப நேரமாகப் பக்கம் புரளவில்லை.

"அப்பா," என்றாள் சின்னவள்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

"நான்தாம்மா," என்றார் அப்பா, ஊருக்கெல்லாம் சர்வேயர். "நான்தான் அழுத்தினேன்."

*

அவருக்கு அந்த ரகசிய எண் தெரிந்தது இப்படி: ஆஸ்பத்திரியில் அம்மாவின் இரண்டு கையிலும் ஊசி ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள், பெட்டகத்தில் ஏதோ சரிபார்க்க வேண்டியிருந்தது. அம்மா எண்ணை உதட்டசைவில் சொன்னாள், அவர் அழுத்தினார். அந்த ஒரு நாளுக்காகக் கொடுத்ததை அவர் மறக்காமல் வைத்துக்கொண்டார்.

"பெரியவன் வந்து கேட்டான். அம்மா சும்மா பிகு பண்றா, உள்ளுக்குள்ள ஆசைதான், நீங்க அழுத்துங்கப்பான்னான். எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு."

"எப்படிப்பா சரியாப் பட்டுச்சு? அம்மா தலையாட்டினதை நீங்களும்தானே பார்த்தீங்க?"

சர்வேயர் பேப்பரை மடியில் வைத்தார். மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல உன் குரலை எடுத்துட்டாங்க. போன மாசம். உன்கிட்ட யாரும் சொல்லல. நான் வாக்கிங் போறேன்னு அங்கதான் போய் உட்கார்ந்திருப்பேன். இப்ப வேற ஒருத்தி பேசறா. வண்டி வருதுன்னு சொல்றா, எனக்கு எந்த வண்டின்னே காதுல ஏற மாட்டேங்குது. இவன் வந்து, அம்மா குரலை ஊரெல்லாம் கேக்கலாம்னு சொன்னதும் கை தானா போயிருச்சு."

அம்மா அசையாமல் நின்றாள். சின்னவளுக்கு ஒரு கணம் பயம் வந்தது. இளகிவிடுவாளோ? அப்பா இப்படிப் பேசுகிற ஆளே இல்லை. அளவுச்சங்கிலியும் வெயிலுமாகவே காலம் தள்ளிய மனிதர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வருவதே அதிசயம்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன பூட்டு, என்ன சாவி?" என்றார் சர்வேயர், கொஞ்சம் தைரியம் வந்தவராக. "உன் விரல் அழுத்தினா என்ன, என் விரல் அழுத்தினா என்ன?"

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அம்மா டேப்பை மேஜைமேல் நிறுத்திவைத்தாள். ஒலியளவைக் கடைசி வரை ஏற்றினாள். நின்றபடியே தட்டினாள். நீளமாகத் தட்டினாள். 

"ஊருக்கெல்லாம் எல்லைக்கல்லு நட்டீங்க. கூடப் பொறந்தவங்க நடுவுல நட்டீங்க. அப்பன் பிள்ளை நடுவுல நட்டீங்க. ஒரு சாண் தள்ளி நட்டவன் மேல கேஸ் எழுதினீங்க. அவன், 'எல்லாம் ஒரே குடும்பம்தானே'ன்னு அழுதப்ப, குடும்பம் வேற, கோடு வேறன்னு சொன்னீங்க. வீட்டுக்கு வந்து பெருமையா என்கிட்டயே சொன்னீங்க. எனக்கும் உங்களுக்கும் நடுவுல மட்டும் கோடே கிடையாதா?"

அந்த அழகான, பதறாத குரல் கூடமெல்லாம் எதிரொலித்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறக்கிற சத்தம் கேட்டது.

சர்வேயர் பேப்பரை நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"தப்புதான்," என்றார் கடைசியில்.

அம்மா தலையசைத்தாள். ஆமாம் என்று. மன்னித்துவிட்டேன் என்று அல்ல.

*

"ஆறு மணி ஆகட்டும்னு ஏன் பார்க்கணும்? இப்பவே தடுத்துரலாம்," என்று சின்னவள் போனை எடுத்தாள்.

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். டேப்பில் தட்டினாள்.

"அவங்க எப்ப வர்றாங்க?"

"யாரு?"

"கம்பெனிக்காரங்க. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

சர்வேயர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மூணு மணிக்கு. கையெழுத்து வாங்க."

"வரட்டும். என் குரலை வச்சு என்ன பேசப்போறாங்கன்னு நான் கேக்கணும். கேட்டுட்டுத் தடுக்கறேன்."

"கேட்டுட்டு மனசு மாறிட்டா?" என்றாள் சின்னவள்.

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆறிப்போன காபியை எடுத்து, ஆற்ற வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரே மடக்கில் குடித்தாள்.

*

மூன்று மணிக்குப் பெரியவன் முன்னால் வந்தான். அவன் பின்னால் டை கட்டிய ஒருவர். அவர் பின்னால் லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண்.

அம்மா நல்ல புடவை கட்டியிருந்தாள். கழுத்துத் துணியைப் புடவைக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதைப் பார்த்ததும் பெரியவன் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா," என்று தங்கையின் காதோரம் சொன்னான். "நீதான் சும்மா எகிறிட்டிருந்தே."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். மருமகள் அன்று கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். எதற்கு வரச் சொன்னார்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அத்தை கூப்பிட்டாள், வந்தாள்.

டைக்காரர் நன்றாகவே பேசினார். "மேடம், உங்க குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். லீவுக்குப் போகும்போதெல்லாம் உங்க குரல்தான் எனக்குப் பிள்ளையார் சுழி."

அம்மா கையைக் காட்டினாள். விஷயத்துக்கு வா என்று.

"அந்தப் பழைய ஸ்டேஷன் அறிவிப்புகளை வச்சு ஒரு மாதிரி பண்ணியிருக்கோம். முழுப் பதிவும் கையில வந்துட்டா இதைவிடப் பிரமாதமா வரும். போடும்மா."

அந்தப் பெண் லேப்டாப்பைத் திறந்தாள்.

"வணக்கம்," என்றது அம்மாவின் குரல். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது. உங்கள் பொறுமைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி."

சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் அதேதான். மனமார்ந்த என்பதில் அந்தச் சின்ன அழுத்தம் கூட அப்படியே இருந்தது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

அம்மா தட்டினாள். "இது எதுக்கு?"

"புகார் எண்கள் இருக்கில்ல மேடம்? தண்ணி வரல, விளக்கு எரியல, மருந்து கிடைக்கலன்னு ஜனங்க கூப்பிடற எண்கள். பல நிறுவனங்களுக்கு நாங்கதான் பதில் சொல்றோம். கோவமா கூப்பிடறவங்க, சாதாரணக் குரலைக் கேட்டா இன்னும் கத்தறாங்க. உங்க குரலைக் கேட்டா அடங்கிடறாங்க. சோதனை பண்ணிப் பார்த்துட்டோம். உங்க குரல் சொன்னா நம்பறாங்க மேடம்!"

"தீர்ந்துருச்சா?"

"எது மேடம்?"

"புகார்."

டைக்காரர் சிரித்தார். "அது அந்தந்த நிறுவனத்தைப் பொறுத்தது. நம்ம வேலை, கூப்பிட்டவங்க நிம்மதியா போனை வைக்கணும். அவ்வளவுதான்."

"தண்ணி வராதவங்ககிட்ட, தண்ணி வந்துருச்சுன்னு நான் சொல்லணும்."

"ஐயோ, நீங்க சொல்ல வேண்டியதில்லயே மேடம். நீங்க பாட்டுக்கு ஓய்வா இருங்க. உங்க குரல் சொல்லும்."

அம்மாவின் பார்வை டைக்காரருக்குப் புரியவில்லை. லேப்டாப் பெண்ணுக்குப் புரிந்தது. அவள் மெல்லத் திரையை மூடினாள்.

அம்மா தட்ட ஆரம்பித்தாள். வேகமாக, எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட நிற்காமல்.

"மூணாவது மேடைன்னு நான் சொன்னா, கைக்குழந்தையோட, பெட்டியோட, ஊன்றுகோலோட ஜனங்க மூணாவது மேடைக்கு ஓடுவாங்க. ஒருநாள் வண்டி நாலாவதுக்கு மாறினதை எனக்கு யாரும் சொல்லல. நான் தப்பா சொல்லிட்டேன். அடுத்த அறிவிப்புல மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பெல்லாம் கேக்கக்கூடாதுன்னு மேலதிகாரி மெமோ குடுத்தார். அடுத்த தடவையும் கேப்பேன்னு பதில் எழுதினேன். அதனாலதான் இந்தக் குரலை நம்பறாங்க. நம்பறாங்கன்னு தெரிஞ்சே பொய் சொல்ல வைக்கறதுக்கா உங்களுக்கு இது வேணும்?"

"அம்மா, பொய்யெல்லாம் இல்லம்மா," என்று பெரியவன் குறுக்கே வந்தான். "இது ஒரு வேலை. அப்புறம் இன்னும் நல்ல நல்ல விஷயமெல்லாம் வரும். குழந்தைங்க பாடம், கதை..."

அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தன் போனை எடுத்தாள். ரகசிய எண்ணை அழுத்தினாள். எல்லோரும் பார்க்கும்படி கையை நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

அதே நொடியில் பெரியவன் சட்டைப்பையிலும், சின்னவள் கையிலும் போன்கள் அதிர்ந்தன. 'திறப்பு தடுக்கப்பட்டது.'

"மேடம், கொஞ்சம் யோசிச்சு..." என்றார் டைக்காரர்.

அம்மா டேப்பைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து நின்றாள். டைக்காரரின் முகத்துக்கு நேராக, உதடுகளை மட்டும் பிரித்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். துளி சத்தம் வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது.

மாட்டேன்.

வாசிக்கத் தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை.

*

வந்தவர்கள் போனதும் பெரியவன் வெடித்தான்.

"ஒரு மூணாம் மனுஷன் முன்னாடி இப்படியாம்மா என்னை அசிங்கப்படுத்துவே? நான் என்ன உன்னைக் கூறு போட்டு விக்கவா போனேன்? உன் குரல் இந்த நாலு சுவத்துக்குள்ளயே செத்துறக் கூடாதுன்னுதானே அலைஞ்சேன்!"

"அலைஞ்சது சரி," என்றாள் மருமகள். இதுவரை ஒரு வார்த்தை பேசாமல் சுவரோரம் நின்றிருந்தவள். "அத்தை சம்மதம் குடுத்துட்டாங்கன்னு என்கிட்ட சொன்னீங்களே, அது எப்படி வந்துச்சு? மாமா முகத்தைப் பார்த்தா வேற மாதிரி இருக்கே."

சர்வேயர்தான் சொன்னார். இரண்டே வரியில், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார்.

மருமகள் கணவனையே பார்த்தாள்.

"அத்தையோட கழுத்துக் குழாயை நான் கழுவிட்டு இருந்த நேரமா பார்த்தா?"

"அது தற்செயலா..."

"அந்த நேரத்துல அவங்களுக்கு மூச்சே என் கையில இருக்கும். அசையக்கூட மாட்டாங்க. அது உங்களுக்கு நல்லாத் தெரியும்."

பெரியவன் கழுத்துவரை சிவந்தான்.

அம்மா டேப்பை நிமிர்த்தினாள். "உன் சாவியைக் குடு."

"என்ன?"

"பெட்டகத்துல உன் இடம் காலியாகணும். நானும் சின்னவளும் சேர்ந்தா உன்னை எடுக்கலாம். நீயா குடுத்தா மரியாதை."

"பெத்த பிள்ளைம்மா நான்!"

"அதனாலதான் கேட்டு வாங்கறேன்."

சர்வேயர் தன் பங்குக்கு எழுந்து, "நீ உன் நம்பரை மாத்திரு. என்கிட்ட சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருக்கு அது சுலபமாக இருக்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

பெரியவன் போனை எடுத்தான். நாலைந்து இடத்தில் அழுத்தினான். "போதுமா? இப்ப யாருக்குக் குடுக்கப்போறீங்க? தெருவுல போற யாருக்காவது குடுங்க."

அம்மா மருமகளைக் காட்டினாள்.

மருமகள் ஒரு அடி பின்னால் போனாள். "எனக்கு எதுக்கு அத்தை? இது அம்மா பிள்ளைங்க விவகாரம். நான் வாங்கிக்கிட்டா நாளைக்கு இந்த வீட்டுல நான்தான் கெட்டவ."

"இன்னைக்கு நான் கெட்டவ ஆகலயா?" என்றது டேப். அம்மாவின் தோள்கள் குலுங்கின. அது சிரிப்பு. சத்தமில்லாத சிரிப்புக்கு அந்த வீடு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"சரி அத்தை. வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. உங்க பிள்ளை மேல இருக்கற கோவத்துல குடுக்காதீங்க. நாளைக்கு நீங்களே தப்பா ஏதாவது அழுத்தினாலும் நான் தடுப்பேன். அதுக்குச் சம்மதம்னா குடுங்க."

அம்மா அவள் கன்னத்தைத் தட்டினாள். பேரம் முடிந்தது.

சின்னவள் போனைத் திறந்து வேலையில் இறங்கினாள். அண்ணன் பெயர் போய் அண்ணி பெயர் ஏறியது. அம்மா இன்னொரு விதியும் போடச் சொன்னாள்: மூன்றில் எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும், அந்த இரண்டில் ஒன்று அம்மாவாக இருந்தே ஆக வேண்டும்.

"உனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா அது மூடினபடியே கிடக்கும்மா. யாராலயும் திறக்க முடியாது," என்றாள் சின்னவள். "டேப்பு கெட்டுப்போனாகூட உன் குரலை மறுபடி பண்ண முடியாது."

"கிடக்கட்டும்."

"அம்மா..."

"நான் பேசாதப்ப, அது பேசக் கூடாது. போடு."

சின்னவள் போட்டாள். அம்மா தன் எண்ணை மாற்றினாள், திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. கூடத்தில் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது.

பெரியவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். வாசல்படியில் நின்று திரும்பினான்.

"எல்லாம் பத்திரமா பூட்டியாச்சு. சந்தோஷம். சின்னவ ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல ஒரு பிரதி இருக்கே, அதை யாரு பூட்டப்போறா?"

போன்மேல் சின்னவளின் விரல் அப்படியே நின்றது.

"என்ன உளர்றே?"

"போன வாரம் இந்த விஷயம் பேசத்தான் உன் ஸ்டுடியோவுக்கு வந்தேன். நீ வெளிய போயிருந்தே. ரூம் பூட்டல. ஸ்பீக்கர்ல அம்மா பேசிட்டு இருந்தா. நானும் பழைய பதிவுன்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் வார்த்தையைக் கேட்டேன்." அவன் குரல் இறங்கியது. அதில் வெற்றி எதுவும் இல்லை. "அது அம்மா சொன்னது இல்ல. அம்மா வாழ்க்கையில அப்படிச் சொன்னதே இல்ல. நீ சொல்ல வச்சிருக்கே. நான் செஞ்சதாவது ஊரறிய செய்யப்போனேன்."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் படியிறங்கிப் போன சத்தம் தேய்ந்தது.

அம்மா மகளைப் பார்த்தாள். சின்னவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதிவு எதுவும் தொலைஞ்சிறக் கூடாதுன்னுதாம்மா ஒரு பிரதி வச்சேன். முதல்ல அதுக்குத்தான்."

"அப்புறம்?" என்றது டேப்.



அம்மா எழுந்தாள். நல்ல புடவை இன்னும் கசங்கவில்லை. வாசலுக்கு நடந்து, குனிந்து, செருப்பை மாட்டினாள். சர்வேயர், 'எங்கே?' என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இப்ப வேண்டாம்மா," என்றாள் சின்னவள். "நானே அழிச்சிடறேன். இன்னைக்கே அழிச்சிடறேன். நீ அதைக் கேக்க வேண்டாம்."

அம்மா டேப்பை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒரு விரலால் தட்டினாள்.

"அழிக்கறதா வேண்டாமான்னு கேட்டுட்டு நான் சொல்றேன். என்னை என்ன சொல்ல வச்சே?"

சின்னவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வயதுப் பெண், ஸ்டுடியோவில் நடிகைகளுக்கு அழச் சொல்லிக்கொடுக்கிறவள், குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் ரொம்ப நாளா உன்கிட்டயிருந்து கேக்கணும்னு இருந்ததைத்தான். பெரியவனைவிட நான்தான் உனக்குப் பெருசுன்னு," என்றாள்.

அம்மாவின் விரல் டேப்பின் மேலேயே நின்றது. பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காமலே, ஸ்டுடியோவுக்குப் போகத் தெருவில் இறங்கினாள்.